பழைய லேண்ட்ரோவரில் பெரிய பழுது: நாமே கை வைப்பதா, பட்டறைக்கு அனுப்புவதா?

திரிங்காப்பில் லேண்ட்ரோவர் வைத்திருப்பவர்கள் எல்லோருமே பாதி மெக்கானிக்தான். எண்ணெய் மாற்றுவது, பேன் பெல்ட் போடுவது, பிளக் துடைப்பது எல்லாம் வீட்டு வாசலிலேயே நடந்துவிடும். அதற்கு யாரும் யோசிப்பதில்லை. யோசனை வருவது பெரிய பழுது வந்த பிறகு. கிளட்ச் போய்விட்டது, எஞ்சின் தலையைக் கழற்ற வேண்டும், பின் ஆக்சில் உடைந்துவிட்டது என்று தெரிந்ததும் வீட்டில் இரண்டு கட்சி பிரியும். "நாமே இறக்கிப் பார்த்துவிடலாம், எதற்கு ஆயிரம் வெள்ளி?" என்று ஒரு கட்சி. "ஈப்போவுக்கு அனுப்பிவிடுங்கள், வம்பு வேண்டாம்" என்று இன்னொரு கட்சி. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. எந்தப் பழுதுக்கு எந்தப் பக்கம் போவது என்பதுதான் இங்கே பார்க்கப் போவது.

இந்தக் கேள்வி மற்ற ஊர்களைவிடக் கேமரன் மலையில் அதிகம் எழுவதற்குக் காரணம் உண்டு. 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட்ரோவர் அறிமுகமான அதே ஆண்டில்தான் மலாயாவில் அவசரகாலம் தொடங்கியது. ராணுவத்தோடும் தோட்ட நிர்வாகங்களோடும் இந்த வண்டி நம் நாட்டுக்குள் வந்தது. அரசாங்கமும் படைகளும் கழித்துவிட்ட வண்டிகள் பல, பிறகு காய்கறித் தோட்டக்காரர்கள் கைக்கு வந்தன. செங்குத்தான மண் பாதை, குறுகிய வளைவு, மழையில் சேறு என்ற இந்த மலைக்கு அது பொருந்திப் போனது. இன்றைக்கும் நாட்டில் லேண்ட்ரோவர் இத்தனை அடர்த்தியாக ஓடும் இடம் வேறு இல்லை என்று சொல்வார்கள். பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா வரை ஒருமுறை போய் வந்தால் அதை நம்புவதில் சிரமம் இருக்காது.

வண்டியின் அமைப்பும் நம்மைத் தூண்டுகிறது. சீரிஸ் ஒன்று முதல் மூன்று வரை, அதாவது 1948 முதல் 1985 வரை வந்தவை எல்லாம், போல்ட் கழற்றினால் பிரிந்துவிடும் வண்டிகள். மட்கார்டு தனியாக வரும், கதவு தனியாக வரும், தரைத் தகடு தனியாக வரும். கணினிப் பெட்டி கிடையாது. டிஃபெண்டர் என்ற பெயரோடு 2016 ஜனவரி 29 வரை இங்கிலாந்தின் சோலிஹல் தொழிற்சாலையில் தயாரான பழைய வடிவ வண்டிகளும் பெரும்பாலும் அதே குணம்தான். அதனால் "இதில் என்ன இருக்கிறது?" என்ற தைரியம் தானாக வந்துவிடுகிறது. அந்தத் தைரியம் பாதி சரி.

எந்த வகைக் கோளாறு?

பெரிய பழுதை எடை போடும்போது எல்லோரும் முதலில் கேட்பது "இது கஷ்டமான வேலையா?" என்றுதான். என் கருத்தில் அது இரண்டாவது கேள்வி. முதலில் கேட்க வேண்டியது இது: நாம் செய்த வேலை தவறாகப் போனால், வண்டி ஓடாமல் நின்றுவிடுமா, அல்லது நிறுத்த முடியாமல் ஓடிவிடுமா?

கிளட்ச் தட்டைத் தவறாகப் பொருத்தினால் வண்டி வாசலை விட்டு நகராது. ஹெட் கேஸ்கெட் சரியாக உட்காரவில்லை என்றால் தண்ணீர் குடிக்கும், சூடாகும், வழியில் நின்றுவிடும். பணம் போகும், மனம் நோகும், ஆனால் ஆள் வீடு திரும்புவார். பிரேக், ஸ்டியரிங், சக்கரத்தைத் தாங்கும் பகுதிகள், சேசிஸ் இவற்றில் தவறு நடந்தால் அது வாசலில் தெரியாது. தாப்பா சாலையின் ஏதோ ஒரு வளைவில், பின்னால் ஒரு டன் முட்டைக்கோஸோடு இறங்கும்போதுதான் தெரியும்.

கஷ்டத்தையும் ஆபத்தையும் நாம் எளிதாகக் குழப்பிக்கொள்கிறோம். கியர்பாக்ஸ் இறக்குவது இரண்டு நாள் வேலை, முதுகு ஒடியும். ஆனால் ஆபத்து குறைவு. பிரேக் சிலிண்டர் மாற்றுவது ஒரு மணி நேர வேலை, சிறிய ஸ்பேனர் போதும். ஆபத்து அதிகம். "சின்ன வேலைதானே" என்று பிரேக்கில் கை வைத்துவிட்டு, "பெரிய வேலையப்பா" என்று கிளட்சைப் பட்டறைக்கு அனுப்புகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். தலைகீழாகச் செய்தால் நல்லது.

முதலில் கோளாறு எது என்று உறுதிசெய்யுங்கள்

தவறான நோயறிதலில்தான் அதிகப் பணம் வீணாகிறது. நம் மலைக்கே உரிய இரண்டு ஏமாற்றங்களை இங்கே சொல்ல வேண்டும்.

ஒன்று, எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் தெரியும் வெள்ளைப் பசை. பால் கலந்த மாதிரி இருக்கும். அதைப் பார்த்ததும் "தண்ணீர் எண்ணெயில் கலந்துவிட்டது, ஹெட் கேஸ்கெட் போச்சு" என்று முடிவு கட்டிவிடுவார்கள். இங்கே காலைக் குளிர் 15, 16 டிகிரிக்கு இறங்கும். வண்டி தோட்டத்துக்கும் வீட்டுக்கும் இடையில் சில நிமிடம்தான் ஓடும். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் அணைத்துவிடுகிறோம். உள்ளே இருக்கும் ஈரக் காற்று குளிர்ந்து மூடியில் நீராகப் படிந்து எண்ணெயோடு கலந்து அந்தப் பசையாகிறது. எண்ணெய்க் குச்சியை எடுத்துப் பாருங்கள். அதில் எண்ணெய் சுத்தமாக இருந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறையாமல் இருந்தால், ஒரு நீண்ட ஓட்டம் ஓட்டிவிட்டுத் திரும்பப் பார்த்து முடிவு செய்யலாம். குச்சியிலும் பால் நிறம் தெரிந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம்.

இரண்டு, கொதிப்பு. கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்துத்தான் அந்தக் கொதிநிலையை மேலே தள்ளுகிறது. மூடியின் ரப்பர் காய்ந்து, ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால், கீழே தாப்பாவில் ஒழுங்காக ஓடுகிற வண்டி மேலே வந்ததும் கொதிக்கும். ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் மூடி, தெர்மோஸ்டாட், பேன் பெல்ட், ரேடியேட்டர் இடுக்குகளில் காய்ந்து கிடக்கும் சேறு இவற்றைப் பார்த்துவிடுங்கள். இவை எல்லாம் சேர்ந்தாலும் ஒரு கேஸ்கெட் வேலைக்கு ஆகும் செலவில் சிறு பங்குதான். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது என்பதைத் தெரிந்தவர்களுக்கே திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால், கம்ப்ரஷன் அழுத்தத்தை அளந்து தரும்படி ஒரு மெக்கானிக்கிடம் கேளுங்கள். சோதனைக்கு மட்டும் கூலி கொடுத்து, வேலையை நாமே செய்வதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

பழுதுக்குப் பழுது

கிளட்ச். சீரிஸ் வண்டியில் கிளட்ச் தட்டை மாற்ற வேண்டுமானால் இருக்கைப் பெட்டியையும் தரைத் தகடுகளையும் கழற்றி, கியர்பாக்ஸை வண்டிக்குள் இருந்தபடியே பின்னுக்கு நகர்த்தியோ வெளியே தூக்கியோ ஆக வேண்டும். டிரான்ஸ்ஃபர் பாக்ஸோடு சேர்ந்த எடை இரண்டு ஆள் கையால் தூக்கும் எடை இல்லை. சங்கிலிக் கப்பி, அதைத் தாங்கும் உறுதியான சட்டம், மூன்று பேர், நனையாத இடம் இவை இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். துருப்பிடித்த தரைத் தகட்டு ஸ்குருக்களுக்கே ஒரு காலைப் பொழுது போய்விடும், அதைக் கணக்கில் சேருங்கள். கியர்பாக்ஸ் வெளியே இருக்கும்போது ரிலீஸ் பேரிங், ஃப்ளைவீல் நடுவில் இருக்கும் சிறிய புஷ், எஞ்சின் பின்பக்க எண்ணெய் சீல் மூன்றையும் பார்த்துவிட வேண்டும். சீல் கசிந்தால் புதுத் தட்டும் எண்ணெயில் ஊறி ஆறு மாதத்தில் வழுக்கும். இந்த வேலை கைப்பழக்கம் உள்ளவருக்குத் தகும்.

எஞ்சின் தலை. 2.25 லிட்டர் எஞ்சினின் ஹெட் வார்ப்பிரும்பு. கனமானது, ஆனால் சூட்டைத் தாங்கும். 200டிடிஐ, 300டிடிஐ டீசல் எஞ்சின்களின் ஹெட் அலுமினியம். ஒருமுறை நன்றாகக் கொதித்தாலே வளைந்துவிடலாம். வளைந்த ஹெட்டின் மேல் எத்தனை புதுக் கேஸ்கெட் போட்டாலும் நிற்காது. ஆகவே அலுமினிய ஹெட் என்றால், கழற்றிய பிறகு லேத் பட்டறையில் மட்டம் பார்க்காமல் திரும்பப் பொருத்தவே கூடாது. ஹெட் போல்ட்டுகளை எந்த வரிசையில், எவ்வளவு முறுக்கில் இறுக்க வேண்டும் என்று வண்டியின் பணிமனைக் கையேட்டில் இருக்கும். டிடிஐ எஞ்சின்களில் முறுக்கு அளவுக்குப் பிறகு கோண அளவில் திருப்ப வேண்டும். கைக்கணக்கு இங்கே செல்லாது. டார்க் ரென்ச் இல்லாவிட்டால் கடன் வாங்குங்கள், கடனும் கிடைக்காவிட்டால் வேலையை ஆரம்பிக்காதீர்கள்.

பின் ஆக்சில் ஷாஃப்ட். சீரிஸ் வண்டிகளின் பலவீனமே இதுதான். பாரம் ஏற்றிச் சேற்றில் திணறும்போது "டக்" என்று ஒரு சத்தம், பிறகு எஞ்சின் உறுமும், வண்டி நகராது. ஆனால் பார்க்கப் பயங்கரமாகத் தெரியும் இந்தப் பழுதுதான் வீட்டில் செய்ய மிகவும் ஏற்றது. வண்டியின் எடையை ஷாஃப்ட் தாங்குவதில்லை, அச்சுக் குழாய்தான் தாங்குகிறது. சக்கரத்தைக்கூடக் கழற்றாமல், நடுவில் உள்ள போல்ட்டுகளை எடுத்து ஷாஃப்டை உருவிவிடலாம். உடைந்த மறுதுண்டு உள்ளே தங்கியிருந்தால் அதை எடுப்பதுதான் பொறுமையைச் சோதிக்கும். இரும்புத் தூள் டிஃபரன்ஷியலுக்குள் போயிருக்கும், அந்த எண்ணெயையும் வடித்துவிடுங்கள். அவசரத்துக்கு உடைந்ததை உருவி எடுத்துவிட்டு, நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டு முன் சக்கரங்களால் மெல்ல வீடு வந்து சேரலாம். டிஃபெண்டரில் டிஃப் லாக் போட வேண்டும்.

பிரேக். இதில் சற்று நின்று பேச வேண்டும். 2013 ஆகஸ்ட் 21 அன்று கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். விசாரணையில் பேருந்தின் பிரேக் பராமரிப்பு பெரிதாகப் பேசப்பட்டது. நீண்ட இறக்கத்தில் பிரேக் என்ன ஆகிறது என்பது பேருந்துக்கும் லேண்ட்ரோவருக்கும் ஒன்றுதான். டிரம் பிரேக் சூட்டை எளிதில் வெளியேற்றாது. டிரம் சூட்டில் விரியும், லைனிங்கின் பிடி தளரும், மிதி கீழே போகும். பிரேக் எண்ணெய் பழையதாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அந்த எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. புதிய டாட் 4 எண்ணெயின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும் என்பது தரக் கணக்கு. ஈரம் ஏறிய பிறகு அதற்கான அளவு 155 டிகிரிதான். டாட் 3 என்றால் 205, ஈரம் ஏறியதும் 140. கொதித்துவிட்டால் குழாயில் ஆவி நிற்கும், மிதித்தால் பஞ்சு மாதிரி அமுங்கும். வருடம் முழுக்க மூடுபனியும் மழையும் உள்ள ஊரில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அந்த எண்ணெயை மாற்றுவதைத் தள்ளிப்போடக் கூடாது.

பழைய சீரிஸ் வண்டிகள் பலவற்றில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் குழாய்ச் சுற்றுதான். எங்கோ ஒரு நட்டில் கசிந்தால் நான்கும் போய்விடும். அதனால் பிரேக் வேலையில் என் முடிவு இது: லைனிங் தேய்மானம் பார்ப்பது, சரிக்கட்டுவது, எண்ணெய் மாற்றிக் காற்றெடுப்பது ஆகியவற்றை ஏற்கெனவே ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்துச் செய்து பழகியவர் செய்யலாம். மாஸ்டர் சிலிண்டர், புதுக் குழாய் இழுப்பது, சிலிண்டர்களைப் பிரித்து ரப்பர் மாற்றுவது ஆகியவை பட்டறைக்கு. நீங்களே செய்தாலும், செய்யாத இன்னொருவர் ஒவ்வொரு நட்டையும் தொட்டுப் பார்த்த பிறகுதான் வண்டி சாலைக்கு வர வேண்டும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம் தூசியைக் காற்றுக் குழாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். பிள்ளைகள் அந்தப் பக்கம் வர வேண்டாம்.

சேசிஸ். உடல் அலுமினியக் கலவை, போருக்குப் பிறகு இங்கிலாந்தில் எஃகுத் தட்டுப்பாடு இருந்ததால் வந்த ஏற்பாடு. அது துருப்பிடிக்காது. அதனால் வெளியே வண்டி பளபளவென்று இருக்கும். அடியில் உள்ள சட்டம் எஃகு. மழை, சேறு, அதற்கு மேல் உரமும் கோழி எருவும் ஏற்றியது எல்லாம் சேர்ந்து அதை உள்ளிருந்தே தின்னும். பின் குறுக்குச் சட்டத்தையும் ஸ்பிரிங் தொங்கும் இடங்களையும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு "கணீர்" என்னும், செத்த இரும்பு "தொப்" என்னும். தட்டிப் பார்க்கும் வேலை உங்களுடையது, வெல்டிங் வேலை தெரிந்தவருடையது. துருவின் மேல் தகடு ஒட்டிப் பெயின்ட் அடித்தால் ஒட்டுப் போட்டவருக்கே அடுத்த ஆண்டு அது எங்கே இருக்கிறது என்று தெரியாது. வெல்டிங்குக்கு முன் பேட்டரி கழற்றுவதும், பெட்ரோல் தொட்டியை அப்புறப்படுத்துவதும் பேரம் பேச முடியாதவை.

புதிய பிக்கப் வண்டிகள் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. ஹைலக்ஸ், டி-மேக்ஸ் போன்றவற்றின் காமன் ரெயில் டீசல் எஞ்சினில், பழைய பழக்கத்தில் எஞ்சின் ஓடும்போது இன்ஜெக்டர் குழாயைத் தளர்த்திப் பார்க்காதீர்கள். அதில் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல் போகும். ஊசி போல் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், கையையே இழக்க நேரிடலாம். அப்படி நடந்தால் வலிக்காவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இடமும் கருவியும்

நம் ஊரில் சமமான தரை கிடைப்பதே அரிது. வீடு சரிவில், வாசல் சரிவில், தோட்டம் அதைவிடச் சரிவில். இதில் லேண்ட்ரோவருக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. பெரும்பாலான கார்களில் ஹேண்ட்பிரேக் பின் சக்கரங்களைப் பிடிக்கும். சீரிஸ், டிஃபெண்டர் வண்டிகளில் அது டிரான்ஸ்ஃபர் பாக்ஸின் பின்னால் உள்ள டிரம்மைப் பிடிக்கிறது, அதாவது பின் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை. ஒரு பின் சக்கரத்தை ஜேக்கில் தூக்கியதும் டிஃபரன்ஷியல் வழியாக அந்தச் சக்கரம் சுதந்திரமாகச் சுற்றும், தரையில் இருக்கும் மறு சக்கரமும் உருளத் தொடங்கும். ஹேண்ட்பிரேக் முழுசாக இழுத்திருந்தாலும் வண்டி ஜேக்கைவிட்டு நழுவும். ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றினாலும், ஆக்சில் ஷாஃப்ட் உடைந்தாலும் இதே கதைதான். டிரான்ஸ்ஃபர் பாக்ஸ் எண்ணெய் கசிந்து அந்த டிரம் ஊறிப்போயிருந்தால் ஹேண்ட்பிரேக் இருந்தும் இல்லாததுதான்.

ஆகவே தூக்குவதற்கு முன் நான்கு சக்கர இயக்கத்தைப் போடுங்கள், டிஃபெண்டரில் டிஃப் லாக். அதோடு தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். ஜேக் தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கு இரும்பு ஸ்டேண்டு வேண்டும். நம் மண் மழைக்குப் பிறகு இளகிவிடும், ஸ்டேண்டுக்கு அடியில் அகலமான பலகை போடுங்கள். துளை போட்ட சிமெண்டுக் கல்லை வண்டிக்கு முட்டுக் கொடுப்பதைப் பல இடத்தில் பார்க்கலாம். அது சுவர் எழுப்பச் செய்த கல். எந்த நேரத்தில் பிளக்கும் என்று சொல்ல முடியாது.

கருவியில் ஒரு பொறி இருக்கிறது. பழைய சீரிஸ் வண்டிகளின் நட்டுகள் பெரும்பாலும் அங்குலக் கணக்கு. இரும்புக் கடையில் கிடைக்கும் ஸ்பேனர் செட்டோ மில்லிமீட்டர் கணக்கு. 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் அரை அங்குல நட்டில் ஓரளவு பொருந்தும். அந்த "ஓரளவு"தான் துருப்பிடித்த நட்டின் முனைகளை மழித்துவிடும். டிஃபெண்டரில் இரண்டும் கலந்து இருக்கும். வேலையில் இறங்குமுன் அங்குல செட் ஒன்று வாங்குவது நல்ல முதலீடு.

நாள் கணக்கும் பணக் கணக்கும்

பட்டறை கேட்கும் கூலியை மட்டும் பார்த்து "இவ்வளவு மிச்சம்" என்று சொல்வது பாதிக் கணக்கு. இப்படி வைத்துக்கொள்வோம்: பட்டறையில் சாமான் 600, கூலி 900, மொத்தம் 1,500 வெள்ளி, மூன்று நாளில் வண்டி கைக்கு வரும். வீட்டில் செய்தால் சாமான் அதே 600, இல்லாத கருவிக்கு 300, ஆனால் வேலை முடிய எட்டு நாள். மிச்சம் 600 வெள்ளி மாதிரித் தெரிகிறது. அந்தக் கூடுதல் ஐந்து நாளும் அறுத்த காய்கறியைச் சாலைவரை கொண்டுவர இன்னொருவர் வண்டிக்கு நாளுக்கு 120 கொடுத்தால் மிச்சம் பூஜ்யம். உங்கள் உழைப்புக்கு இன்னும் கூலியே போடவில்லை. எண்களை உங்கள் நிலைக்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

அதே கணக்கு வேறு விதமாகவும் முடியும். வண்டி வாரத்தில் இரண்டு நாள்தான் தேவை, வீட்டில் இரண்டாவது வண்டி இருக்கிறது, கருவிகள் ஏற்கெனவே உண்டு, மச்சான் ஒருவர் கைகொடுப்பார் என்றால் வீட்டு வேலையே லாபம். வாங்கிய கருவி அடுத்த பழுதுக்கும் உதவும். வண்டியை லோரியில் ஏற்றி ஈப்போவுக்கு இறக்கும் செலவும் மிச்சம்.

காலமும் முக்கியம். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை கனமாக இருக்கும். கூரை இல்லாத இடத்தில் திறந்த எஞ்சினோடு மாட்டிக்கொண்டால் சிலிண்டருக்குள் ஈரம் இறங்கும். பண்டிகைக்கு முந்தைய வாரமும் பெரிய வேலைக்கு உகந்ததல்ல. சாமான் கடை பூட்டியிருக்கும், காய்கறிக்கோ அப்போதுதான் நல்ல விலை.

இரண்டும் இல்லாத மூன்றாவது வழி ஒன்று உண்டு, நம் ஊருக்கு அதுதான் அதிகம் பொருந்துகிறது. கழற்றுவதும் மாட்டுவதும் நீங்கள், நுணுக்கம் பட்டறை. ஹெட்டை நீங்களே இறக்கிக் காய்கறி லோரியில் ஈப்போ லேத் பட்டறைக்கு அனுப்பலாம். கியர்பாக்ஸை இறக்கி, பிரிக்காமல், தெரிந்தவரிடம் கொடுக்கலாம். டீசல் பம்பைக் கழற்றிச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பலாம். கூலியில் பெரும்பகுதி இறக்கி ஏற்றுவதற்குத்தான் போகிறது, அது மிச்சமாகும். ஆனால் ஒன்று: பாதி பிரித்த எஞ்சினைப் பைகளில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தால் எந்த மெக்கானிக்கும் முகம் சுளிப்பார். வேறொருவர் பிரித்ததைச் சேர்ப்பது, தானே பிரித்துச் சேர்ப்பதைவிட இரட்டை வேலை. அதனால் முன்கூட்டியே பேசிவிட்டுக் கழற்றுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கைபேசியில் படம் எடுங்கள், போல்ட்டுகளைத் தனித்தனி டப்பாவில் போட்டுப் பெயர் எழுதுங்கள்.

எஞ்சினையே மாற்றுவதாக இருந்தால்

பழைய எஞ்சினைச் சரிசெய்வதற்குப் பதில் ஜப்பானிய டீசல் எஞ்சினைப் போட்டுவிடலாம் என்ற யோசனை இங்கே அடிக்கடி எழும். இயந்திர வேலையைவிடக் காகித வேலை இதில் முக்கியம். எஞ்சின் எண் வண்டியின் கெரானில் பதிவாகியிருக்கும் விவரம். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ் வரும் வண்டியில் எஞ்சினை மாற்றினால் ஜேபிஜேயின் அனுமதியும் புஸ்பாகோம் போன்ற நிலையத்தின் பரிசோதனையும் வேண்டும். எஞ்சின் வாங்கியதற்கான முறையான ஆவணம் இல்லாவிட்டால் அது நகராது. பதிவுக்கு மாறான எஞ்சினோடு ஓடும் வண்டி விபத்தில் சிக்கினால், காப்புறுதி நிறுவனம் கேள்வி எழுப்ப நீங்களே வழி செய்து கொடுத்ததாகும். எனவே ஆவணத்தை முதலில் விசாரியுங்கள், எஞ்சினைப் பிறகு வாங்குங்கள்.

கழிவு எண்ணெய் பற்றியும் சொல்லியாக வேண்டும். பயன்படுத்திய எஞ்சின் எண்ணெய் 2005ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் விதிகளில் அட்டவணைக் கழிவாக வகைப்படுத்தப்பட்டது. திரிங்காப் பக்கத்து ஓடைகளில் ஊற்றுவது தெலோம் ஆற்றுக்குப் போகும். அந்த ஆற்று நீர் சுரங்கக் குழாய் வழியாக மலையின் மறுபக்கம் திருப்பப்பட்டு ரிங்லெட் ஏரிவரை போய்ச் சேருகிறது. நடுவில் எத்தனை தோட்டம், எத்தனை வீடு. டப்பாவில் பிடித்து, எண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். பழைய பேட்டரிக்கும் அதே வழிதான்.

வேலை முடிந்த பிறகு

முதல் ஓட்டத்துக்கு இறக்கத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வாசலிலேயே எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து மிதி மெல்லக் கீழே போகிறதா என்று பாருங்கள். போனால் எங்கோ கசிகிறது. பிறகு பாரம் இல்லாமல், முதல் கியரில், சமமான பாதையில் சில நூறு அடி. அதன் பிறகு கீ ஃபார்ம் ஏற்றம் வரை போய்த் திரும்பலாம். திரும்பியதும் ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையை அருகில் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சுட்டால் அந்தப் பக்கம் பிரேக் உரசுகிறது அல்லது பேரிங் இறுக்கமாக இருக்கிறது. சக்கர நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். இரவில் வண்டிக்கு அடியில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியை விரித்துப் போட்டுவிட்டுக் காலையில் எங்கே சொட்டியிருக்கிறது என்று பாருங்கள். கறுப்பாக இருந்தால் எஞ்சின் எண்ணெய், பச்சையாகவோ சிவப்பாகவோ நீர்த்திருந்தால் ரேடியேட்டர். சக்கரத்துக்கு நேர் கீழே நிறமற்றோ மஞ்சளாகவோ இருந்தால் அது பிரேக் எண்ணெய், அன்று வண்டி வெளியே போகக் கூடாது. கிளட்ச், ஹெட், ஆக்சில் எதுவானாலும் ஒரு வாரம் உள்ளூரில் ஓட்டி, எண்ணெய், தண்ணீர் மட்டங்களைத் தினமும் பார்த்து, ஒருமுறை எல்லாப் போல்ட்டுகளையும் சரிபார்த்த பிறகுதான் பாரத்தோடு தாப்பா பக்கமோ சிம்பாங் பூலாய் பக்கமோ இறங்க வேண்டும். அதுவரை காய்கறிக்குப் பக்கத்து வீட்டு வண்டியைக் கேட்டுக்கொள்ளலாம்.